எடை கூடிய கேள்வித்தாள்

"ரெண்டு பக்கக் கேள்வித்தாள் ஒண்ணு, ஒன்பது பக்க எடை இருக்குது. ஏன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் அறைக்குள் நுழைந்த பெண், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இப்படிச் சொன்னாள். முப்பது வயது இருக்கும். முதுகில் லேப்டாப் பை. கண்ணில் தூக்கமில்லை.

எங்கள் துப்பறியும் நிலையம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருக்கிறது. படியேறி வருகிறவர்களில் பாதிப்பேர் கண் பரிசோதனைக்கு வந்து வழி தவறியவர்கள். அதனால் நான் எச்சரிக்கையாகவே ஆரம்பித்தேன்.

"தராசு விக்கிற கடை எதிர் வரிசையிலம்மா."

"தம்பி, வாயை மூடிட்டு ஃபேனைப் போடு," என்றார் அண்ணி.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. இந்த நிலையத்தின் முதலாளி, மூளை, கண்ணாடி எல்லாம் அவர்தான். நான் உதவியாளன், வண்டி ஓட்டுவதும் வாங்கிக் கட்டிக்கொள்வதும் என் இலாகா. அண்ணி இருபத்திரண்டு வருடம் ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். அச்சகத்தை மூடிவிட்டார்கள், பிழை பிடிக்கிற வியாதி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. என் அண்ணன் எழுதிய முதல் காதல் கடிதத்தை ஏழு திருத்தங்களோடு திருப்பி அனுப்பியவர் என்பது எங்கள் குடும்ப வரலாறு. எட்டாவது பிழையாக அவரையே கட்டிக்கொண்டார் என்பது என் சொந்தக் கருத்து.

"தெரிஞ்ச விஷயத்தை எதுக்கு எங்களைக் கண்டுபிடிக்கச் சொல்றே?" என்று அண்ணி அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கக்கா. அதுக்குத்தான்."

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். பழைய ஃபைல்களைப் புது வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்து வேலை வந்திருக்கிறது. பள்ளியின் பழைய கம்ப்யூட்டரிலும், பழைய தலைமையாசிரியருக்கு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று என இரண்டு பெட்டி ஃபிளாப்பிகளிலுமாகச் சேர்த்து 2,317 ஃபைல். கடிதம், சுற்றறிக்கை, கேள்வித்தாள், எல்லாமே எப்போதோ செத்துப்போன ஒரு சாஃப்ட்வேரில், அதைவிட முன்னால் செத்துப்போன ஒரு எழுத்துருவில் அடித்தவை.

"ஒவ்வொண்ணாத் திறந்து, மாத்தி, சேமிக்கணும்னா மூணு மாசம் ஆகும். அதனால ஒரு ப்ரோகிராம் எழுதினேன். அதுவே வரிசையா ஒவ்வொரு ஃபைலையும் எடுக்கும், திறக்கும், பழைய எழுத்தைப் புது எழுத்தா மாத்தும், சேமிக்கும், அடுத்ததுக்குப் போயிடும். மதியம் சாப்பிடப் போகும்போது ஓட விட்டா, திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

"எனக்கும் அப்படி ஒண்ணு எழுதிக் கொடேன். அண்ணி சொல்ற வேலையெல்லாம் அதுவே வரிசையா எடுத்துச் செய்யட்டும்," என்றேன்.

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "முதல் நாள் ஓட்டினப்போ ஒழுங்கா வரலை சார். பழைய எழுத்துல கொம்பெல்லாம் எழுத்துக்கு முன்னாடி தனியா நிக்கும். என் ப்ரோகிராம் அதைப் பின்னாடி இருக்கிற எழுத்தோட சேர்க்காம, முன்னாடி இருக்கிறதோட சேர்த்துடுச்சு. 'தலைமை ஆசிரியர்' எல்லா இடத்துலயும் 'தைலைம ஆசிரியர்'னு வந்தாரு."

"தைலம் தேய்ச்சுக் குளிக்கிற ஆசிரியரா?"

"தம்பி!"

"அதைச் சரி பண்ணிட்டேன். அப்புறமும் நாப்பத்தோரு ஃபைல் திறக்கவே இல்லை. ஃபிளாப்பி கெட்டுப் போயிருக்கு. அதுக்காக இன்னொரு ப்ரோகிராம் எழுதினேன். ஃபைலைத் திறக்காது. உள்ள என்னென்ன எழுத்து இருக்கோ, அத்தனையையும் அடியோட சுரண்டி எடுத்துடும். அப்பதான் இது வந்துச்சு."

திரையில் ஒரு கணக்குக் கேள்வித்தாள். பத்தாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வு, இருபது வருடத்துக்கு முந்தைய தேதி. பதினாறு கேள்விகள். பதினாறாவது முடிந்த பிறகு, ஒரு வரி இடைவெளி விட்டு மறுபடியும் 14 என்று எண் போட்டு இன்னொரு கேள்வி நின்றது.

அண்ணி இரண்டையும் வாசித்தார். நடுவில் இருந்த பதினான்கு, ஒரு கிணறு வெட்டுவதைப் பற்றியது. வெளியே எடுத்த மண்ணின் கன அளவு என்ன என்று கேட்டது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த பதினான்கு, சுவரில் சாய்த்து வைத்த ஏணியைப் பற்றியது. அது சுவரைத் தொடும் உயரம் என்ன என்று கேட்டது.

"கிணத்துல இருந்து ஏணி போட்டு ஏறியிருக்காரு மனுஷன்," என்றேன்.

"பரீட்சையில வந்தது எது?" என்றார் அண்ணி.

"ஏணி. அந்த சாஃப்ட்வேர்ல சேமிக்க ரொம்ப நேரம் பிடிக்கும்க்கா. அதனால சீக்கிரம் சேமிக்க ஒரு குறுக்கு வழி வெச்சிருந்தாங்க. நாம ஒண்ணை அழிச்சா அது நிஜமா அழிக்காது. 'இதைக் காட்டாதே'ன்னு மட்டும் குறிச்சு வெச்சுட்டு, புதுசா அடிச்சதைக் கடைசியில ஒட்டிடும். ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் ஃபைல் வீங்கிக்கிட்டே போகும். திரையில பார்த்தா ஏணி மட்டும்தான் தெரியும். கிணறு உள்ளயே கிடக்கும்."

"சரி. ஒரு பழைய கிணறு கிடைச்சதுக்கு உனக்கு ஏன் கண் கலங்குது?"

அவள் லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"அந்தக் கேள்வித்தாளை வெளியில விட்டாங்கன்னு சொல்லித்தான் எங்க அம்மாவை வேலையை விட்டு அனுப்பினாங்க. எங்க அம்மா அங்க டைப்பிஸ்டா இருந்தாங்க. பரீட்சை அன்னைக்குக் காலையில ஒரு பையன்கிட்ட தாள் பிடிபட்டுச்சு. அதுல ஏணி இல்லை. கிணறுதான் இருந்துச்சு."

நான் ஜோக் எதுவும் அடிக்காமல் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன். என்னாலும் முடியும்.

"நான் அவங்க பொண்ணுன்னு ஸ்கூல்ல யாருக்கும் தெரியாது. நான் போய் இதைக் காட்டினா, நானே கேள்வியைச் சேர்த்துட்டேன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. நாளைக்கு சாயங்காலம் பழைய கம்ப்யூட்டர், ஃபிளாப்பி எல்லாம் கழிவுக்குப் போகுது. அதுக்கு அப்புறம் மூலமும் இருக்காது."

அண்ணி எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். "உங்க அம்மா இப்ப எங்க இருக்காங்க?"

*

ஒரு பல் மருத்துவமனையின் முன்கூடத்தில் இருந்தார். வருகிறவர்களுக்கு எண் எழுதிய அட்டை கொடுத்து உட்கார வைக்கிற வேலை. ஐம்பத்தெட்டு வயது, நிமிர்ந்த முதுகு, மேசைமேல் இருந்த மூன்று பேனாக்களும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எங்களைப் பார்த்ததும் "எந்தப் பல்லு?" என்றார். பின்னால் மகளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"வேண்டாம்னு சொன்னேனேடி."

"அம்மா, ரெண்டு கேள்விதான். உங்க கேஸுல நீங்களே பதில் சொல்லாம வேற யாரு சொல்வாங்க?" என்று அண்ணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அண்ணிக்கு இரண்டு கேள்வி என்றால் பதினைந்து என்று அர்த்தம்.

மதிய உணவு நேரம். கூடத்தில் கன்னத்தைப் பிடித்தபடி ஒரே ஒருவர் மட்டும் காத்திருந்தார். டைப்பிஸ்ட் அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கணக்குக் கேள்வித்தாளை எப்பவும் பெரிய சார்தான் தயாரிப்பாரு. அப்ப அவர்தான் தலைமையாசிரியர், இப்ப தாளாளர். வீட்டுக் கம்ப்யூட்டர்ல அவரே அடிச்சு, ஃபிளாப்பியில கொண்டு வந்து கொடுப்பாரு. நான் பிரின்ட் போட்டு, எண்ணி, உறையில வெச்சு, ஒட்டி, அவர் கையிலயே திருப்பிக் கொடுக்கணும். ஒரு புள்ளிகூட மாத்தக் கூடாதுன்னு உத்தரவு. கிணறுன்னு ஒரு கேள்வியை நான் கண்ணால பார்த்ததில்லை. எனக்கு வந்ததே ஏணிதான்."

"விசாரணையில இதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். 'மாட்டிக்கக் கூடாதுன்னு ஒரு கேள்வியை மட்டும் நீயே மாத்திக் கொடுத்திருக்கே'ன்னாரு. அந்தப் பையனும் தாள் வராந்தாவில கிடந்ததுன்னு சொல்லிட்டான். அப்புறம் யாரு பேச்சு எடுபடும்?"

"முழுத்தாளும் பிடிபட்டதா?"

"இல்லை. ரெண்டாம் பக்கம் மட்டும்."

அண்ணியின் புருவம் உயர்ந்தது. மெய்ப்பில் ஒரு கொட்டை எழுத்துப் பிழை கிடைத்தால் வருகிற புருவம் அது.

"தம்பி, நீ ஒரு கேள்வித்தாளைத் திருடறதா இருந்தா எத்தனை பக்கம் திருடுவே?"

"நானா? விடைத்தாளையும் சேர்த்துத் திருடுவேன்."

"அதேதான்." அண்ணி பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அந்த அம்மா முன்னால் வைத்தார். "உங்க விசாரணைக் கோப்பைப் பார்க்க எனக்கு அனுமதி கொடுக்கிறதா ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவைத் தொடவில்லை. "இருபது வருஷமாச்சும்மா. கூட வேலை பார்த்தவங்க என்னைப் பார்த்தா இன்னும் எதிர்ப் பக்கம் மாறி நடக்கிறாங்க. மறுபடியும் அதைக் கிளறி, ஒண்ணும் இல்லைன்னு ஆச்சுன்னா?"

"அம்மா, நான் அப்ப நாலாவது படிச்சேன்," என்றாள் மகள். "நீ ஏன் ஸ்கூலுக்குப் போகலைன்னு கேட்டேன். தலைவலின்னு சொன்னே. இன்னும் எத்தனை வருஷத்துக்குத் தலைவலி?"

டைப்பிஸ்ட் அம்மா கடிதத்தை எழுதினார். அச்சடித்தது போன்ற கையெழுத்து. அண்ணி அதை இரண்டு முறை வாசித்தார். ஒரு திருத்தம்கூடச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடைக்காத மரியாதை அது.

*

வண்டியில் அண்ணி, பின் சீட்டில் இருந்த அந்தப் பெண்ணின் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஏணியையே முறைத்துக்கொண்டு வந்தார். திடீரென்று, "நிறுத்து!" என்றார்.

நான் நிறுத்தினேன். பின்னால் வந்த லாரிக்காரர் என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார்.

"இங்க பாரு. 'உயரம் என்ன'ன்னு முடிஞ்ச பிறகு, கேள்விக்குறிக்கு முன்னாடி ஒரு இடம் காலியா விட்டிருக்கு. கிணத்துலயும் அப்படித்தான். தாள் முழுக்க அப்படித்தான்."

"கேள்விக்குறி மூச்சு விட வேண்டாமா அண்ணி?"

"உங்க அம்மா இப்படி அடிப்பாங்களா?" என்று அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"எங்க அம்மாவா? எனக்கு அப்படி ஒரு இடம் விட்டதுக்கு முட்டி போட வெச்சிருக்காங்க."

"பெரிய சார் ஃபிளாப்பி தனி, ஆபீஸ் ஃபிளாப்பி தனின்னு ரெண்டு பெட்டி சொன்னியே. உன் ப்ரோகிராமை மறுபடி ஓட விடு. எந்தப் பெட்டியில எத்தனை ஃபைல்ல கேள்விக்குறிக்கு முன்னாடி காலி இடம் இருக்குன்னு எண்ணச் சொல்லு."

அவள் ஏதோ நான்கு வரி அடித்தாள். நான் தெருமுனைக் கடையில் மூன்று டீ சொல்லிவிட்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. கேள்விக்குறி உள்ள ஃபைல்களில், பெரிய சார் பெட்டியில் இருந்த அத்தனையிலும் அந்தக் காலி இடம் இருந்தது. ஆபீஸ் பெட்டியில் ஒன்றில்கூட இல்லை.

"நான் அச்சகத்துல இருந்திருந்தா இதை எண்ணி முடிக்க ஒரு மாசம் ஆகியிருக்கும்," என்றார் அண்ணி. குரலில் கொஞ்சம் பொறாமை. "ஆக, கிணத்தை எழுதினதும் பெரிய சார். அதை அழிச்சிட்டு ஏணி வெச்சதும் பெரிய சார். ஃபிளாப்பி உங்க அம்மா கைக்கு வர்றதுக்கு முன்னாடியே கிணறு மூடியாச்சு. அப்ப கிணறு இருக்கிற தாள் எங்கிருந்து வெளியே போயிருக்கும்?"

"பெரிய சார் வீட்டுல இருந்து," என்றேன். "முடிஞ்சுது! வில்லன் அவர்தான். தானே கொடுத்துட்டு, பழியைத் தூக்கி இந்தம்மா தலையில போட்டிருக்காரு. நாளைக்கு அவர் முகத்துக்கு நேரா நான் சொல்றேன்."

"நீ டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்துட்டு வா," என்றார் அண்ணி.

*

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. பள்ளி அலுவலகத்தில் தலைமையாசிரியை எங்கள் கடிதத்தை வாசித்து முடித்தபோது, கைத்தடியின் சத்தம் கேட்டது.

"பெரிய சார்," என்று அவர் எழுந்து நின்றார். தலைமையாசிரியையே எழுந்து நின்றால் நாங்கள் எம்மாத்திரம்? எனக்கும் கால் தானாக எழுந்தது.

எழுபத்திரண்டு வயது. ஒல்லி உடம்பு, வெள்ளைச் சட்டை, பென்சில் கோடு போட்ட மாதிரி வாய். தினமும் இந்த நேரத்துக்கு வந்து வகுப்புகளில் மிச்சமான சாக்பீஸ் துண்டுகளை வாங்கிப் பார்ப்பாராம். வந்தவுடன் எங்கள் கடிதத்தை எடுத்து வாசித்தார். வாசித்து முடித்து, அதைத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தார். வெறும் பக்கத்தைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு சின்னத் திருப்தி.

அண்ணி அதைக் கவனித்தார். அண்ணி கவனித்ததை நான் கவனித்தேன்.

"அந்த அம்மாவுக்கு நான் போலீஸ் வரைக்கும் போகாம கௌரவமா விடை கொடுத்தேன்," என்றார் பெரிய சார். "இப்ப என்ன வேணுமாம்?"

"கோப்பைப் பார்க்கணும் சார்," என்றார் அண்ணி.

"எனக்கு ஒரு கேள்வி சார்," என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "அந்த வருஷம் பத்தாவதுல உங்க சொந்தக்காரப் பையன் யாராவது படிச்சானா?"

"என் சொந்தக்காரன் எவனையும் இந்தப் பள்ளிக்கூடத்துல நான் சேர்த்ததே இல்லை. சேர்த்தா சலுகை எதிர்பார்ப்பான்." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சே?"

நான் நெஞ்சைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்தேன்.

தலைமையாசிரியை அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து வந்தார். உள்ளே நான்கு கடிதங்கள். கடைசியாக, கெட்டியான ஒரு அட்டைத்தாளில் மூலைக்கு மூலை பசை போட்டு ஒட்டிய கேள்வித்தாளின் இரண்டாம் பக்கம். ஒன்பது முதல் பதினாறு வரை. நடுவில் கிணறு.

"இதை ஒட்டினது யாரு?" என்றார் அண்ணி.

"நான்தான்," என்றார் தலைமையாசிரியை. "அப்ப நான் சாதாரண டீச்சர். அந்தப் பையன்கிட்ட இருந்து பிடிச்சதும் நான்தான். கசங்கியிருந்தது. சார்கிட்ட அப்படியே கொடுத்தா கோவிச்சுப்பாரேன்னு அட்டையில ஒட்டிக் கொடுத்தேன்."

"ஒட்டறதுக்கு முன்னாடி பின்பக்கம் பார்த்தீங்களா?"

"பேனாவில ஏதோ எண்கள் எழுதியிருந்தது. பையன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கான்னு நினைச்சேன்."

அண்ணி அட்டையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பிறகு ஒரு ஈரத் துணியும் மரத்தால் ஆன அடிக்கோலும் கேட்டார். யாரும் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்து, துணியால் ஓரங்களை ஒற்றி ஒற்றி, அடிக்கோலின் விளிம்பை நுழைத்து, பழைய பசையை அங்குலம் அங்குலமாக நெகிழ்த்தினார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பெரிய சார் கடிகாரத்தைப் பார்த்தார். நான் சாக்பீஸ் பெட்டியைப் பார்த்தேன்.

தாள் கையோடு வந்தது. அண்ணி பின்பக்கத்தைத் திருப்பி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். அப்புறம் மிகவும் பணிவாகக் கேட்டார்.

"சார், இருபது வருஷத்துக்கு முன்னாடி உங்க இடுப்பு எவ்வளவு?"

தலைமையாசிரியை இருமினார். எனக்கே வியர்த்துவிட்டது.

"என்ன கேள்வி இது?"

"விடை தெரிஞ்ச கேள்விதான் சார். முப்பத்தெட்டு." அண்ணி தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தார். "நீளம் நாற்பது. இடுப்பு முப்பத்தெட்டு. இரண்டு பக்கமும் பை. பின்பக்கப் பை வேண்டாம், வீண். பரீட்சைக்கு முன் கட்டாயம் வேண்டும்."

பெரிய சார் கையை நீட்டினார். அண்ணி கொடுத்தார். அவர் அந்தத் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி அருகே கொண்டுபோனார்.

"என் கையெழுத்து," என்றார்.

"ஆமா சார். பேண்ட் தைக்கக் கொடுத்த அளவு."

"கிணத்துக் கணக்கு... பாடப் புத்தகத்துலயே இருக்குன்னு அப்புறம்தான் பார்த்தேன்." அவர் யாரிடமும் பேசவில்லை, அந்தத் தாளிடம் பேசினார். "மாத்தி ஏணி வெச்சேன். ரெண்டாம் பக்கத்தை மட்டும் மறுபடி பிரின்ட் எடுத்துச் சரி பார்த்தேன். பழைய ரெண்டாம் பக்கம் மேசையில கிடந்தது. பின்னால வெறுமையா இருந்தது."

"வீணாக்க மனசு வரலை," என்றார் அண்ணி.

"வரலை. அளவை எழுதித் தையற்கடையில கொடுத்தேன்." ஒரு நீண்ட மூச்சு. "அந்தத் தையற்காரர் பையன் பத்தாவது படிச்சான். அவன்கிட்டதான் பிடிபட்டது. அப்பாவைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு வராந்தாவில கிடந்ததுன்னு சொல்லியிருக்கான். அதுல கிணத்தைப் பார்த்தப்போ, நானே எழுதி அழிச்சது நினைவுக்கே வரலை, அந்த அம்மா புத்தகத்துல இருந்து எடுத்துச் சேர்த்ததுன்னு நினைச்சுட்டேன்."

எனக்கு நேற்றுச் சொன்ன வில்லன் ஞாபகம் வந்தது. வில்லன் இல்லை. ஒரு வெள்ளைத்தாளின் பின்பக்கத்தை வீணாக்கத் தெரியாத ஒரு மனிதர் மட்டும் இருந்தார். இந்த மாதிரி நேரத்தில் சும்மா இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாய் கேட்பதில்லை.

"பேண்ட் நல்லாத் தைச்சாரா சார்?"

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் பசை தானாகவே நெகிழ்ந்திருக்கும். ஆனால் பெரிய சார் பதில் சொன்னார்.

"இடுப்புல கொஞ்சம் லூசு. அதைப் போட்டுக்கிட்டுத்தான் அந்த அம்மாவை நிக்க வெச்சு விசாரிச்சேன்."

பக்கத்து அறையில் பழைய கம்ப்யூட்டரைக் கட்டிவைக்க வந்திருந்த அந்தப் பெண் எப்போது வாசலுக்கு வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. "அவங்க எங்க அம்மா சார்," என்றாள்.

பெரிய சார் அவளை ஏறிட்டுப் பார்த்தார். இத்தனை நாளும் தன் முன்னால் உட்கார்ந்து தன்னுடைய ஃபைல்களை மாற்றிக்கொண்டிருந்தவள் யார் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கைத்தடியை ஊன்றி எழுந்தார். அவள் அவர் மகள் வயதுகூட இருக்க மாட்டாள். இருந்தும் அவள் முன்னால் எழுந்து நின்றார்.

"அம்மா எங்க இருக்காங்கன்னு என்னைக் கூட்டிட்டுப் போறியாம்மா?"

*

பல் மருத்துவமனையில் கூட்டம். பெரிய சார் வரிசையைத் தாண்டிப் போக மறுத்துவிட்டார். தாடை வீங்கிய ஒருவருக்கும் அழுகிற குழந்தையைத் தோளில் போட்ட ஒரு தாய்க்கும் பின்னால் நின்றார். நாங்கள் சுவரோரம் நின்றோம்.

டைப்பிஸ்ட் அம்மா நிமிராமலே அட்டையை நீட்டினார். "பதினொண்ணு. எந்தப் பல்லு?"

"பல்லு இல்லம்மா. நான்தான்."

அவர் நிமிர்ந்தார்.

பெரிய சார் அந்தத் தாளை மேசைமேல் பின்பக்கமாக வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. காத்திருந்தவர்கள் தங்கள் வலியை மறந்து கேட்டார்கள். கடைசியில், "தப்பு என்னோடது. என்னை மன்னிக்கணும்," என்றார்.

அந்த அம்மா நெடுநேரம் தாளைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"என்னை நீங்க இப்படித் தனியாக் கூப்பிட்டு அனுப்பலை சார். காலை அசெம்ப்ளியில, எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும், 'நம்பின இடத்துல ஒருத்தர் திருடிட்டாங்க'ன்னு மைக்ல சொன்னீங்க. நான் அப்ப ரெண்டாவது வரிசைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தேன்."

"ஆமா."

"அப்ப இதையும் அங்கேயே சொல்லுங்க."

"திங்கட்கிழமை சொல்றேன்."

"சரி." அந்த அம்மா தாளை மடித்துப் பெரிய சாரிடமே கொடுத்தார். அடுத்த அட்டையை எடுத்தார். "பன்னிரண்டு! எந்தப் பல்லு?"

*

திங்கட்கிழமை காலை பள்ளி மைதானத்தில் எண்ணூறு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பெரிய சார் மைக்கைப் பிடித்து, அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். இடுப்பு முப்பத்தெட்டு என்று அவர் வாசித்தபோது ஒன்பதாம் வகுப்பு வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது தீ மாதிரி பரவியது. எண்ணூறு பேரும் சிரித்தார்கள். ஆசிரியர்கள் பதறி "உஷ்" என்றார்கள். பெரிய சார் கையைக் காட்டி அவர்களைத் தடுத்தார். சிரிப்பு முழுசாக முடிகிற வரைக்கும் மைக்கின் முன்னால் நின்றார்.

"சிரிச்சு முடிச்சிட்டீங்களா? இப்ப கேளுங்க," என்றார். "அந்த அம்மா திருடலை. நான்தான் அஜாக்கிரதையா இருந்தேன். அதைவிடப் பெரிய தப்பு, அவங்க சொன்னதை நான் கேட்கலை. இதே இடத்துல நின்னு அவங்களைத் திருடின்னு சொன்னேன். இன்னைக்கு அவங்க முன்னாடியே அதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

மேடையோரம் போட்ட நாற்காலியில் டைப்பிஸ்ட் அம்மா நேராக உட்கார்ந்திருந்தார். மகள் பின்னால் நின்று அவர் தோளைப் பிடித்திருந்தாள். பிள்ளைகள் கைதட்ட ஆரம்பித்தார்கள். எதற்கு என்று பாதிப்பேருக்குத் தெரியாது, ஆனாலும் பலமாகத்தான் தட்டினார்கள்.

அசெம்ப்ளி கலைந்தபோது நரைத்த தலையோடு இரண்டு ஆசிரியைகள் தயங்கித் தயங்கி அவரிடம் வந்தார்கள். "ஸ்டாஃப் ரூமுக்கு வாங்களேன். டீ சொல்லியிருக்கோம்."

"இன்னொரு நாள் வரேன்," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் போகவும் இல்லை.

நான் வண்டிச் சாவியை எடுத்தேன். "வண்டி பின்பக்கம் நிக்குதும்மா. சைக்கிள் ஷெட் வழியாப் போனா ரெண்டே நிமிஷம்."

"வேண்டாம்ப்பா. அன்னைக்கு என்னை அந்த வழியாத்தான் அனுப்பினாங்க."

அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மைதானத்தின் நடுவில் இறங்கினார். வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். மகள் நேரத்தைப் பார்த்து, "மெதுவாப் போறியேம்மா, உனக்கு வேலைக்கு லேட்டாகலையா?" என்றாள்.

"ஆகட்டும்," என்றார் அவர், பெரிய வாசலை நோக்கி இன்னும் மெதுவாக நடந்தபடி.